மாஸ்டரும் றொஜரும் சனிக்கிழமையும்

மகாலிங்கம் மாஸ்டர் காலையில் பல்லு விளக்கும்போதே முடிவெடுத்துவிட்டார். இனிமேல் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பேலில் ஒருவரும் அவரைக் 'கமலராணி அக்காவின்ரை அவர்' என்று சொல்லக்கூடாது.

சும்மா சொல்லக்கூடாது, மனுசனுக்கு அந்தக் கோபம் வர நியாயம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய கல்லூரிக்குக் கிரிக்கெட் கோச்சாக இருந்தே தலை நரைத்தவர். அவர் றோட்டில் வந்தால் சைக்கிளில் வருகிறவன் இறங்கி உருட்டுவான். அவர் விசில் ஊதினால் மைதானத்தில் மேய்கிற மாடுகூட எல்லைக்கோட்டுக்கு வெளியே போய்த்தான் நிற்கும். இங்கேயோ, சலூன்காரன் அவருடைய தலையைப் பிடித்துக் குனியவைத்துக்கொண்டு, "ஐயாவுக்கு விசா கிடைச்சிட்டுதோ?" என்று கேட்கிறான்.

பாரிஸுக்கு முதலில் வந்தது கமலராணிதான். சண்டைக் காலத்தில் வந்து, ஒரு பள்ளிக்கூடக் குசினியில் சமையல் வேலை எடுத்து, வீடும் எடுத்து, புருசனைக் கூப்பிட்டாள். "இந்த பிக் மட்ச் முடியட்டும், வாறன்" என்றார் மாஸ்டர். பிக் மட்ச் என்றால் எதிர்க் கல்லூரியோடு வருசா வருசம் நடக்கிற மானப் போட்டி. வென்றால் அடுத்த வருசமும் வெல்லவேண்டும். தோற்றால் அடுத்த வருசமாவது வெல்லவேண்டும். இப்படியே மாஸ்டர் ஓய்வு பெறுகிறவரை வந்துசேரவில்லை.

வந்து பார்த்தால் வீடு வெறிச்சென்று கிடந்தது. கமலராணி விடியமுன் வேலைக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவாள். ஞாயிறும் ஒரு ரெஸ்ரோறன்ரில் வேலை. மாஸ்டர் ஜன்னலடியில் கதிரையைப் போட்டு, மேலே பாலத்தில் ஓடுகிற மெத்ரோ ரயிலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெட்டி பெட்டியாகச் சனம் போகும். ஒருத்தரும் இவரைப் பார்க்கமாட்டார்கள். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற பெட்டை வணக்கம் சொன்னால், "ஓம் பிள்ளை, வணக்கம்" என்று பதில் சொல்லத் தொடங்கியிருந்தார். தனிமை ஆளைத் தின்றது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் வெட்கம்.

எனவேதான் அந்தத் தீர்மானம். யசோதாவின் பலசரக்குக் கடைக் கண்ணாடியில் ஓர் அறிவித்தல் ஒட்டினார். கிரிக்கெட், தனிப் பயிற்சி, பிரபல கல்லூரிக் கோச். போனை நெஞ்சுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டே நித்திரை கொண்டார். கடைசியில் ஒரு அழைப்பு வந்தது.

"அண்ணை, நீங்கள் கணக்கும் படிப்பிப்பீங்களோ?"

"நான் கிரிக்கெட் கோச்."

"அது தெரியும் அண்ணை. மகளுக்குக் கணக்குத்தான் ஓடுதில்லை."

மாஸ்டர் போனை வைத்துவிட்டார். அன்றைக்குப் பொழுதுபட்டு வந்த கமலராணி சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"என்னப்பா, ஆரும் எடுத்தவையே?"

இல்லையென்று சொல்லியிருக்கலாம். ஆனால் மாடுகளையே எல்லைக்கோட்டுக்கு வெளியே நிறுத்திய வாய் அது.

"ஓம். ஒருத்தர் எடுத்தவர்."

"ஆர்?"

"றொஜர்." அந்தப் பேர் எங்கேயிருந்து வந்ததென்று அவருக்கே தெரியாது. "பாரிஸுக்கு வெளியிலை, ஓல்னேயிலை இருக்கிறார். கிளப்புக்கு விளையாடப் போறாராம். சனிக்கிழமை காலமை வரச்சொல்லி ரண்டேவு குடுத்திருக்கிறன்."

"சனிக்கிழமையோ?"

"வேலைக்குப் போற மனுசன். வேறை எப்ப வாறது?"

பொய்யென்றாலும் அதில் ஒரு ஒழுங்கு வேண்டுமல்லவா. கமலராணிக்கும் சனிக்கிழமை ஒன்றுதான் லீவு நாள். அது மாஸ்டருக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

சனிக்கிழமை வந்தது. கிரிக்கெட் பற், காலுக்குக் கட்டுகிற பாட், பந்து எல்லாவற்றையும் பையில் போட்டுத் தோளில் கொழுவிக்கொண்டு லா வில்லெத் பூங்காவுக்குப் போனார். குளிர் காதைக் கடித்தது. கொஞ்ச நேரம் பூங்கா வாங்கில் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு மரத்துக்குப் பந்து போட்டார். தானே போட்டு, தானே போய்ப் பொறுக்கி, தானே "நல்ல பந்து" என்றார். நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரி நாயை இழுத்துக்கொண்டு மற்றப் பாதையால் போனாள்.

ஆனால் மத்தியானம் வீட்டுக்கு வந்து சோற்றுக்கு முன்னால் இருந்தாரோ இல்லையோ, ஆளைப் பிடிக்கேலாது.

"றொஜருக்குப் பின்கால் அசையாது, கண்டீரோ. வேரோடின கால்."

"பாவம்."

"என்ன பாவம்? சொல்லிச் சொல்லி இண்டைக்கு அசைச்சுப்போட்டன்."

வாரத்துக்கு வாரம் றொஜர் முன்னேறினான். மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்தது. கமலராணி புட்டும் குழம்பும் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"இண்டைக்கு யசோதாவின்ரை கடையிலை ரோசாலியைக் கண்டனான்."

"அது ஆர்?"

"என்னப்பா இது? உங்கடை றொஜரின்ரை மனுசி."

மாஸ்டருக்குப் புரையேறியது. கமலராணி பொய் சொல்லாதவள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து ஒரு பொய் சொன்னவள் இல்லை. அப்படியென்றால் ரோசாலி இருக்கிறாள். ரோசாலி இருந்தால் றொஜரும் இருக்கிறான். இருக்கிறவன் தன்னிடம் வரவில்லையென்றால் வேறு எவனிடமோ பந்தடிக்கப் பழகுகிறான். எவன் அந்தக் கோச்? மாஸ்டருக்கு அன்றிரவு பொறாமையில் நித்திரை வரவில்லை. திங்கட்கிழமை முதல்வேலையாக யசோதாவின் கடையில் விசாரித்தார். அங்கே றொஜரையும் தெரியாது, ரோசாலியையும் தெரியாது. வீட்டில் வந்து கேட்கவும் வழியில்லை. என்னவென்று கேட்கிறது?

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் றொஜரின் கதை குறைந்து, ரோசாலியின் கதை கூடியது.

"ரோசாலி பாவமப்பா."

"ஏன், என்னவாம்?"

"கிழமை முழுக்க வேலை. சனிக்கிழமைதான் அவவுக்கும் லீவாம். அண்டைக்குப் பார்த்து இவர் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டிடுவாராம். தோசையைச் சுட்டுப்போட்டு, கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாவாம்."

மாஸ்டர் சோற்றைப் பிசைந்தார்.

"கன காலம் தனியத்தான் இருந்தவவாம். மனுசன் வந்தால் கதைக்க ஒரு ஆள் கிடைக்கும் எண்டு பார்த்துக்கொண்டிருந்தவவாம். வந்தும் என்ன கண்டது எண்டு அழுறா."

கதவைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படியென்று அவருக்குத் தெரியாதா? கிழமையில் மிச்ச நாளெல்லாம் அவருக்கும் அதுதானே தொழில். இல்லாத றொஜர்மேல் உண்மையாகவே கோபம் வந்தது.

"என்ன மனுசன் அவன்? கட்டின மனுசியை அழவிட்டிட்டுப் பந்தடிக்கிறவனுக்கு நான் பழக்கமாட்டன்."

"நீங்கள் சொன்னால் அவர் தட்டமாட்டார் எல்லோ?"

"ஏன் தட்டுறார்? இனிச் சனிக்கிழமை வீட்டை விட்டு வெளிக்கிடக்கூடாது எண்டு கண்டிப்பாய்ச் சொல்லுறன்."

"சத்தியமாய்?"

"கோச் சொன்னால் சொன்னதுதான்."

சொல்லும்போதே மாஸ்டருக்குள் ஒரு சந்தோசம். றொஜரை மானம் மரியாதையோடு அனுப்பிவைக்க இதைவிட நல்ல வழி கிடைக்குமா? இனிக் குளிரில் மரத்தோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. கமலராணிக்கும் ஒன்றும் தெரியவராது. தன் கெட்டித்தனத்தை மெச்சிக்கொண்டு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

குழம்பை விட்டுக்கொண்டே கமலராணி சொன்னாள்.

"முதல் சனிக்கிழமை நீங்கள் தண்ணிப் போத்தலை விட்டிட்டுப் போனீங்கள். நான் பின்னாலை கொண்டுவந்தனான்."

மாஸ்டரின் கை சோற்றுக் கோப்பையிலேயே நின்றது.

"மரத்துக்குப் பந்து போட்டுக்கொண்டு நிண்டீங்கள். பார்க்க அழுகை வந்துது. கூப்பிட மனம் வரேல்லை, அப்பிடியே திரும்பி வந்திட்டன்."

"அப்ப... ரோசாலி?"

"றொஜரை எனக்குத் தெரியாதப்பா. ரோசாலியை நல்லாய்த் தெரியும். கன வருசமாய்த் தெரியும்."

மாஸ்டருக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சோற்றுக்குள் எதையோ தேடுகிறவர்போல விரலால் கிளறிக்கொண்டிருந்தார். மேலே மெத்ரோ ஒன்று தடதடத்துப் போய் ஓய்ந்தது. கடைசியில் மெல்லக் கேட்டார்.

"அவ... கோவமாய் இருக்கிறாவே?"

கமலராணி எழும்பிக் குசினிக்குள் போனாள். ஒரு பெரிய ஓலைக் கடகமும் கத்தியும் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தாள்.

"கோவமில்லையாம். கையைக் கழுவிப்போட்டு இந்த வெங்காயத்தை உரிக்கட்டாம்."