நீங்க முன்னாடி போங்க

போராட்டம் என்று ஒன்று நடந்தால் அதில் பலவகை மனிதர்களைப் பார்க்கலாம். மைக் கைக்கு வந்தால் திருப்பித் தராதவர், உண்ணாவிரதப் பந்தலுக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர், கேமரா தன் பக்கம் திரும்பும்போது மட்டும் கையை உயர்த்துகிறவர். இவர்களைப் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. நான் அறிமுகப்படுத்த விரும்புவது இவர்கள் எல்லோருக்கும் பின்னால், கடைசி வரிசையில், நினைத்தால் கிளம்பிவிட வசதியான இடத்தில் நிற்கிறாரே, அவரை.

அவரைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். கோழை வீட்டைவிட்டே வெளியே வரமாட்டான். இவர் வருவார். நமக்கு முன்பே வருவார். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, டீ வாங்கிக் கொடுத்து, இப்படியே விட்டால் நம் பிள்ளைகளின் கதி என்ன என்று கேட்டு, சும்மா இருந்தவர்களுக்கெல்லாம் ரோஷத்தை ஏற்றி, ஒவ்வொருவராக முதுகில் கைவைத்து முன்னால் அனுப்பிவைப்பார். அனுப்பும்போது ஒரு வாக்கியம் சொல்வார்: "நீங்க முன்னாடி போங்க, பின்னாடி நானிருக்கறனுங்க."

இதில் பொய் ஏதாவது உண்டா? பின்னாடிதானே இருக்கிறார்.

திருப்பூரை ஒட்டியிருக்கும் கல்லுக்காட்டு நகரில் இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒருவர் இருக்கிறார். பெயர் செல்வக்குமார். வீட்டின் முன்பக்கத்து அறையில் நாலைந்து மிசின் போட்டு காஜா பட்டன் வேலை எடுத்துச் செய்கிறார். கம்பெனியிலிருந்து தைத்த சட்டைகள் மூட்டையாக வரும். பட்டன் ஓட்டை போட்டு, பட்டன் வைத்து, மூட்டையாகத் திருப்பி அனுப்புவார். நல்ல மனுஷர். கோபம் வந்தாலும் 'ங்க' போட்டுத்தான் கோபப்படுவார்.

கல்லுக்காட்டு நகருக்குப் பின்னால் பழைய பாறைக்குழி ஒன்று இருக்கிறது. கல் வெட்டி எடுத்து முடித்த பிறகு வாய் பிளந்து கிடந்த குழி. அதில் ஒருநாள் ஒரு லாரி வந்து நகரத்துக் குப்பையைக் கொட்டியது. மறுநாள் இன்னொன்று வந்தது. பிறகு வரிசையாக வர ஆரம்பித்தன. கொட்டியதோடு விட்டார்களா? கொட்டியது குறைவாகத் தெரிய வேண்டும் என்று கொளுத்தியும் விட்டார்கள். பிளாஸ்டிக்கும் பனியன் கழிவும் அழுகிய காயும் சேர்ந்து எரிந்தால் எப்படியொரு வாசம் வரும் என்பதை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது. அந்தப் பகுதியில் எல்லோரும் சன்னலைச் சாத்திக்கொண்டு வாழப் பழகினார்கள்.

விஜயராணியால் பழக முடியவில்லை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பெண்; ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். அவள் மகன் முனீஸ் ஒன்றாம் வகுப்பு. புகை வந்த நாளிலிருந்து அவனுக்கு இழுப்பு. வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் முகத்தில் குழாய் மாட்டி மருந்து பிடிக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் என்ற முறையில் அவள் செல்வக்குமாரிடம்தான் போய், இதை யாரிடம் போய்க் கேட்பது அண்ணே என்றாள்.

கேட்டாளோ இல்லையோ, நம்மவருக்குள் இருந்த போராளி விழித்துக்கொண்டார். அன்றைக்கே வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கினார். குழுவுக்கு நெருப்புப் படம். தினமும் காலையில் வணக்கத்துக்குப் பதிலாக, 'இனியும் பொறுப்பதா?' என்று ஒரு செய்தி போட்டார். பொறுப்பதில்லை என்று எல்லோரும் கும்பிடும் கைகளை அனுப்பினார்கள். பாறைக்குழியை ஒட்டித் தோட்டம் வைத்திருக்கும் தங்கவேலுவையும் குழுவில் சேர்த்தார். அவருடைய கிணற்றுத் தண்ணீர் நிறம் மாற ஆரம்பித்திருந்தது.

முதலில் மனு கொடுப்பது என்று முடிவாயிற்று. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு ஒரு வேன் பிடித்துப் போனார்கள். வேன் வாடகைக்குப் பேசியவர் செல்வக்குமார், மனுவைச் சொல்லச் சொல்ல எழுத வைத்தவர் செல்வக்குமார், வாசலில் நின்று எல்லோரையும் உள்ளே அனுப்பியவரும் அவர்தான். உள்ளே போனபோது அவரைக் காணவில்லை. செருப்புக்குக் காவலாக வெளியே நின்றுவிட்டாராம். அங்கே யாரும் செருப்பைக் கழற்றவில்லை என்பது வேறு விஷயம்.

மனுவுக்கு ரசீது கிடைத்தது. லாரிகள் நிற்கவில்லை.

அடுத்து வீட்டுக்கு வீடு கறுப்புக் கொடி. துணிக்கு இந்த ஊரில் பஞ்சமா? செல்வக்குமாரே கறுப்புத் துணி கொண்டுவந்து, தன் மிசினிலேயே ஓரம் அடித்து, எல்லோருக்கும் கொடுத்தார். தன் வீட்டில் அதைப் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கட்டினார். ஏன் அங்கே என்று அவர் மனைவி பூங்குழலி கேட்டதற்கு, முன்பக்கம் பெயின்ட் புதிது என்றார். "கொடி பெயின்டை என்னுங்க பண்ணும்?" என்று கேட்டுவிட்டு அந்தம்மாள் உள்ளே போய்விட்டார்.

பூங்குழலிக்கு விஷயம் தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். செல்வக்குமாருக்கு வேலை கொடுக்கிற கம்பெனி முதலாளியின் மச்சான்தான் அந்த லாரிகளை ஓட்டும் காண்டிராக்டர். முன்வரிசையில் நின்றால் முகம் தெரியும். முகம் தெரிந்தால் மூட்டை வராது. மூட்டை வராவிட்டால் அந்த நாலைந்து மிசினும் அதை நம்பியிருக்கிற குடும்பங்களும் என்ன ஆவது? கடைசி வரிசைக்காரரைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் அவருக்குக் காரணமே இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது. காரணம் இல்லாமல் பின்னால் நிற்கும் மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை.

கொடிக்கும் லாரிகள் நிற்கவில்லை. முனீஸுக்கு ஒருநாள் மூச்சு மிகவும் திணறி, ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துவிட்டார்கள். அங்கிருந்து திரும்பி வந்த விஜயராணி யாரிடமும் ஆலோசனை கேட்கவில்லை. நாளைக்கு லாரி வரும் ரோட்டில் உட்காரப் போகிறேன், வருகிறவர்கள் வரலாம் என்றாள். செல்வக்குமார் அதைக் குழுவில் போட்டார். எல்லோரும் கட்டை விரலை உயர்த்தினார்கள்.

ஆச்சரியம் என்னவென்றால், காலையில் கட்டை விரல்களுக்குச் சொந்தக்காரர்களும் வந்தார்கள். மெயின் ரோட்டை மறித்து விஜயராணி உட்கார, அவளோடு செக்கிங் பெண்கள் உட்கார, தங்கவேலு துண்டை உதறி விரித்து உட்கார, கூட்டம் சேர்ந்துவிட்டது. குப்பை லாரிகள் நின்றன. அவற்றுக்குப் பின்னால் டவுன் பஸ் நின்றது, கம்பெனி வேன்கள் நின்றன. ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று இந்தியில் ஒருவரும் தமிழில் பத்துப் பேரும் சத்தம் போட்டார்கள். செல்வக்குமார் கடைசி வரிசையில், தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வரும் இட்டேரி ரோட்டைத் தொடும் இடத்தில், வேலியை ஒட்டி நின்று எல்லோரையும் உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார். ஓடுவதற்கு அந்த மண்பாதையைவிட நல்ல வழி கிடையாது.

போலீஸும் அப்படித்தான் நினைத்தது. மெயின் ரோடு முழுக்க வண்டிகள் அடைத்து நின்றதால் இன்ஸ்பெக்டரின் ஜீப் சுற்றிக்கொண்டு அந்த இட்டேரி வழியாகவே வந்து, செல்வக்குமாருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. இறங்கிய இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்ட முதல் ஆளிடம் கேட்டார்.

"யாருங்க இதுக்குத் தலைமை?"

"முன்னாடி இருக்கறாங்க சார்."

"இதுதான் இப்ப முன்னாடி. சொல்லுங்க."

செல்வக்குமார் திரும்பிப் பார்த்தார். உட்கார்ந்திருந்த கூட்டம் முழுவதும் ஜீப் சத்தம் கேட்டு இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது. முதல் வரிசை கடைசி வரிசையாகிவிட்டது. அந்தக் கோடியில் எழுந்து நின்ற விஜயராணி கேலியே இல்லாத குரலில் சொன்னாள்: "பேசுங்கண்ணே. பின்னாடி நாங்க இருக்கோம்."

அவர் தொண்டையைச் செருமினார். பொதுமக்களின் கருத்து என்னவென்றால் என்று ஆரம்பித்தார். பொதுமக்கள் கிடக்கட்டும், உங்களுக்கு என்ன பிரச்சினை, அதைச் சொல்லுங்கள் என்றார் இன்ஸ்பெக்டர். அதை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"ஊட்டுல சன்னல் தொறக்க முடியறதில்லீங்க. வெள்ளைத் துணியில கரி வந்து ஒட்டுதுங்க, கம்பெனில திருப்பி அனுப்பறாங்க. இந்த அம்மிணி பையன் ஆஸ்பத்திரியில கெடக்கறான். ராத்திரி அவன் இழுக்கற சத்தம் எங்க ஊட்டுக்குக் கேக்குதுங்க. கேட்டுட்டே நானும் படுத்துக் கெடந்தனுங்க." பிறகு குரல் இறங்கியது. "அந்த லாரி ஆரோடதுன்னு எனக்குத் தெரியுங்க. அவங்க ஊட்டுப் பக்கத்துல இதக் கொட்டுவாங்களா?"

கூட்டத்தில் யாரும் கை தட்டவில்லை. கோஷமும் எழவில்லை. ஒரு செக்கிங் பெண் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டு, எல்லாம் சரி, ரோட்டில் உட்கார்ந்தது சட்டப்படி தப்பு என்று சொல்லி, ஜீப்புக்குப் பின்னாலேயே வந்த போலீஸ் வேனில் எல்லோரையும் ஏற்றினார். முதலில் ஏறியவர் செல்வக்குமார். ஏற்றிவிடப்பட்டார் என்பதுதான் சரி.

அவர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, மதியம் எலுமிச்சை சாதம் போட்டு, சாயங்காலம் அனுப்பினார்கள். அதற்குள் செல்வக்குமார் பேசியது எல்லோருடைய செல்போனிலும் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளியின் செல்போனிலும் ஓடியது. இரண்டு நாளில் கம்பெனியின் டெம்போ வந்து, முடிக்காத மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு போயிற்று. முதலாளி கோபமாகப் பேசவில்லை, பேசவே இல்லை. மிசின்கள் சும்மா நின்ற அந்த நாட்களில் செல்வக்குமார் கூடத்தில் உட்கார்ந்து விட்டத்தைப் பார்த்தார். பூங்குழலி ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. தன் அண்ணன் மூலமாக வேறொரு கம்பெனியில் சொல்லிவைத்து, மாதக் கடைசியில் சிறு மூட்டைகளாக வேலை வர வழி செய்தார். பழைய அளவுக்கு இன்னும் வரவில்லை.

லாரிகள் நின்றன. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், பேச்சுவார்த்தை நடந்தது, குழியில் மண் போட்டு மூடினார்கள். முனீஸ் பள்ளிக்கூடம் போகிறான். கல்லுக்காட்டு நகர் சன்னலைத் திறந்தது. செல்வக்குமாரைக் குழுவில் எல்லோரும் 'தலைவரே' என்று கூப்பிட்டார்கள். அவர் கூச்சத்தோடு வேண்டாமென்றார். நிறுத்துங்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

இத்தோடு கதை முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் குப்பை எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? லாரிகள் இரண்டு ஊர் தள்ளி இன்னொரு பாறைக்குழியைக் கண்டுபிடித்தன. அந்த ஊர்க்காரர்கள் ஒரு வேனில் வந்து, நீங்கள் ஜெயித்தவர்கள், எங்களோடு வந்து உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். கல்லுக்காட்டு நகர் நெகிழ்ந்துபோனது. எங்களுடைய முழு ஆதரவு உங்களுக்குத்தான், தைரியமாகப் போங்கள் என்றது. தங்கவேலு தன் அனுபவத்தை விரிவாகச் சொல்லி அனுப்பினார். ஆனால் அந்த நாள் பாருங்கள், நல்ல முகூர்த்த நாளாகப் போய்விட்டது. ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்குக் காதுகுத்து, ஒருவருக்கு ஷிப்மென்ட். குழுவில் கட்டை விரல்கள் மட்டும் தவறாமல் உயர்ந்தன.

போனவர்கள் மூன்றே பேர். விஜயராணி அரை நாள் லீவு போட்டு டவுன் பஸ்ஸில் போனாள். செல்வக்குமார் பூங்குழலியை ஏற்றிக்கொண்டு வண்டியில் போனார். முதல் வரிசையில் உட்கார்ந்தாரா என்று கேட்காதீர்கள். மூன்றாவது வரிசை. வண்டியையும் வீடு இருக்கும் திசை பார்த்துத் திருப்பித்தான் நிறுத்தியிருந்தார். மனிதன் ஒரே நாளில் எவ்வளவுதான் முன்னேற முடியும்?

ஆகவே இந்த இனம் அழிந்துவருகிறது என்று கவலைப்பட வேண்டாம். கல்லுக்காட்டு நகரில் ஒருவர் குறைந்தார், ஊரே சேர்ந்துகொண்டது. உங்கள் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கிறீர்கள், தெரிகிறது. எதிர்வீட்டுக்காரரின் முகம் இப்போது உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். வரட்டும். அதற்கு முன் ஒரு சிறு சந்தேகம். இன்று காலை பக்கத்துத் தெருவுக்குக் குடிதண்ணீர் வரவில்லை என்று யாரோ வந்து சொன்னார்கள். அதற்கு நீங்கள் மிகுந்த கோபத்தோடு, "இதச் சும்மா உடக்கூடாதுங்க, போய்க் கேக்கோணும்" என்றீர்கள். நல்ல வாக்கியம்தான். ஆனால் அதில் எழுவாயைக் காணவில்லை. போய்க் கேட்க வேண்டியது யார்?