கிறங்காபுரியின் மீட்பு இல்லம்

கிறங்காபுரி என்றொரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேட வேண்டாம். பக்கத்து நாட்டார் வெட்கப்பட்டு அழித்துவிட்டார்கள். அங்கே தெருவில் கிணறு இருந்ததோ இல்லையோ, ராஜரசக் கடை இருந்தது. ராஜரசம் குடித்தால் குடித்தவன் தலை சுற்றும், மன்னரின் கஜானா நிரம்பும். இன்னொரு மரபும் உண்டு. எதைத் திறந்தாலும், அது பள்ளிக்கூடமே ஆனாலும், முதலில் வாசலைத் தாண்டுகிறவர் மன்னர் பேரைச் சொல்லி ஒரு கோப்பை ராஜரசம் குடிக்க வேண்டும். மறுத்தால் ராஜத்துரோகம்.

கொத்தனார் சடையாண்டியின் வீட்டுச் சுவரும் கடைச் சுவரும் ஒன்றே. கை நடுக்கத்தில் அவன் கட்டிய சுவர்கள் கோணிக்கொண்டு நின்றன. ஒருநாள் மனைவி பூவாயி வாசலை மறித்தாள்.

"குடிய விட்டுட்டு வா. விடாம இந்தப் படி ஏறாத."

"விடணும்னுதான் இருக்கேன் பூவாயி. இங்கேயே கிடந்தா எப்படி விடறது? கடை கண்ணுல படாத இடமா ஒண்ணு வேணுமே!"

அப்படி ஓர் இடம் கேட்டுப் பலரும் அரண்மனையில் முறையிட்டார்கள். நலத்துறை மந்திரி இரத்தினகிரீவர் மீட்பு இல்லம் ஒன்றை அறிவித்தார். எந்தத் தெருவும் ஏற்கவில்லை. "புள்ளகுட்டிங்க நடமாடற எடத்துல குடிகாரனுங்களக் கொண்டாந்து வெக்கறதா?" என்று கடை வரிசையில் நின்றபடியே கொதித்தார்கள். கடைசியில் எதிர்ப்பே வராத ஓர் இடம் கிடைத்தது: ராஜரசக் கிடங்கின் மாடி.

"இல்லத்தின் செலவுக்காகக் கோப்பைக்கு ஒரு சிறு வரி விதிக்கப்படுகிறது. ஆகவே, மீட்புப் பணி தொய்வின்றி நடக்கப் பொதுமக்கள் முன்னிலும் அதிகமாக அருந்தி ஒத்துழைக்க வேண்டும்" என்றார் மந்திரி. மக்களும் மனமுவந்து ஒத்துழைத்தார்கள்.

சடையாண்டி முதல் ஆளாகப் போய் நின்றான். மந்திரி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இல்லத்தின் புனிதம் கெடலாகாது. குடியை விட்டவர்களுக்கே அனுமதி."

சடையாண்டி ஊர்க்கோடியில் அணைந்து கிடந்த சுண்ணாம்புக் காளவாயில் போய்ச் சுருண்டான். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. பூவாயி கஞ்சியை வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் திரும்பிப் போவாள். கொஞ்ச தூரம் போய் நின்று அழுவாள். எப்படியோ பிழைத்தான். நடுக்கம் நின்றதும் மறுபடி இல்லத்துக்குப் போனான்.

"குடிக்காதவனுக்கு மீட்பு எதற்கு?" என்ற மந்திரி, சட்டென்று குரலை மாற்றினார். "இருந்தாலும் நாளை திறப்பு விழா. காட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். குளித்துவிட்டு வா."

மறுநாள் மேளதாளத்தோடு சடையாண்டி வாசலைத் தாண்டினான். மரபுப்படி கோப்பை நீண்டது.

"வேணாஞ் சாமி. இத விடத்தானே இங்க வந்தேன்!"

ராஜத்துரோகம்! அங்கிருந்தே சிறைக்கு இழுத்துப் போனார்கள்.

நாட்டிலேயே ராஜரசக் கடை இல்லாத ஒரே இடம் சிறைதான். படுக்கப் பாய், வேளைக்குக் கூழ், பேச்சுத்துணைக்கு ஒரு காவலர். சடையாண்டி சிறைச் சுவருக்குப் பூசினான்; பூச்சு கண்ணாடியாக மின்னியது. பார்க்க வந்த பூவாயி, அவன் குடியை விட்ட பிறகு முதல்முறையாக அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நடுக்கமே இல்லை. சேதி பரவியதும், தேற நினைத்தவர்களெல்லாம் சிறைக்குப் போக வழி தேடினார்கள்.

நிதி மந்திரி மன்னரிடம் ஓடினார். "மன்னா, இத்தனை பேர் கூடும் இடத்தில் ஒரு கடை இல்லையே!"

சிறை வாசலே கடையாக மாறியது. வெளியே போகிறவர் கடைக்குள் புகுந்துதான் போக வேண்டும். திறப்பு விழா அன்று சடையாண்டிக்கு விடுதலை. அந்தப் பக்கம் பூவாயி காத்திருந்தாள். நடுவில் நலத்துறை மந்திரி இரத்தினகிரீவர், கையில் கோப்பை.

"முதலில் தாண்டுபவன் நீ. அருந்தி, வீடு செல்க!"

சடையாண்டி பூவாயியைப் பார்த்தான். கண் கலங்கியது.

"வேணாஞ் சாமி" என்று உள்ளே திரும்பினான்.

பூவாயி விறுவிறுவென்று வந்து மந்திரி முன்னால் நின்றாள். "எனக்கும் ஒரு கோப்பை குடுங்க."

மந்திரி மகிழ்ந்து நீட்டினார். அவள் அதை அவர் காலடியிலேயே கொட்டினாள்.

"நானும் துரோகிதான். புருசன் இருக்கற எடத்துலயே போடுங்க."

அவளுக்குப் பின்னால் அதற்குள் வரிசை சேர்ந்துவிட்டது. சிறைக்கு மேல் சிறை கட்ட வேண்டியதாயிற்று; எல்லாம் சடையாண்டி கட்டிய நேர்ச் சுவர்கள்.

அடுத்த ஆண்டு மன்னர் பெருமிதத்தோடு அறிவித்தார்: "நம் நாட்டில் வெளியே உள்ளவர்களில் ஒருவர்கூட மீட்பு இல்லம் கேட்கவில்லை!"

வெளியே இருந்தவர்கள் கைதட்டினார்கள். நிற்க முடிந்தவர்கள் எழுந்து நின்றே தட்டினார்கள்.