தேங்காயெண்ணெய் பாயும் காய்ச்சல் கண்ட என் காரும்

மதுரையில் கார் வைத்திருப்பவர்கள் இரண்டே வகை. தேங்காயெண்ணெய் பாயிடம் திட்டு வாங்கியவர்கள், இனிமேல் வாங்கப்போகிறவர்கள். அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று இத்தனை வருஷத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. கடைக்குப் பெயர்ப்பலகையும் கிடையாது. கீழக்குயில்குடி போகிற ரோட்டில் ஏழெட்டுக் கார்கள் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றால் அதுதான் கடை.

கார் ஏசி ரிப்பேர்தான் தொழில். ஊரையே குளிர வைக்கிற மனிதரின் ஷெட்டில் ஒரு ஃபேன்கூட இல்லை. கூரை வேறு தகரம். கேட்டால், "நான் குளுகுளுன்னு உக்காந்திருந்தா ஒங்க வண்டி சூடா இருக்கறது எனக்கு எப்பிடிண்ணே தெரியும்?" என்பார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன தேங்காயெண்ணெய் பாட்டில் இருக்கும். தலைக்குத் தேய்க்க அல்ல, தலையில் தேய்க்கிற அளவுக்கு முடியும் இல்லை. ஏசியைப் போட்டு, காற்று வருகிற துவாரத்தில் பாட்டிலைச் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது எண்ணெய் உறைந்திருந்தால் வண்டி தேறிவிட்டது என்று அர்த்தம். யாரோ ஒரு வாடிக்கையாளர் டிஜிட்டல் மீட்டர் ஒன்றை வாங்கித் தந்தார். "மீட்டரு பொய் சொல்லும்ணே. எண்ணெய்க்குப் பொய் சொல்லத் தெரியாது" என்று அதை ஆணியில் மாட்டிவிட்டார். இன்றைக்கும் அது அங்கே அழகாகத் தொங்குகிறது.

அவரிடம் இன்னொரு கிறுக்கும் உண்டு. காரைக் கொண்டுபோய் நிறுத்தினால் பானெட்டைத் திறக்கவே மாட்டார். முதலில் ஒவ்வொரு சீட்டிலும் ஏறி உட்காருவார். "இங்க யாரு உக்காருவா? உக்காந்து என்ன செய்வாங்க?" என்று போலீஸ் மாதிரி விசாரிப்பார். ஒரு பேங்க் மேனேஜரின் கார் வாரம் முழுக்கக் குளிரும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அனல் வீசும். ஞாயிறன்று வண்டியில் கூடுதலாக ஏறுவது மாமியார் ஒருவர்தான் என்று தெரிந்ததும், "அவங்களக் கூட்டிட்டு வாங்க" என்றார் பாய். அந்த அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்து, தான் பின்னால் உட்கார்ந்து ஊரைச் சுற்றினார். மேனேஜர் ரோட்டைப் பார்க்கும் நேரமெல்லாம் அந்த அம்மா சத்தமில்லாமல் ஏசிக் குமிழைச் சூட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டே வந்திருக்கிறார். "வண்டிக்கு ஒண்ணுமில்லண்ணே. அத்தைக்கு மூட்டு வலி. அதுக்கு நான் டாக்டர் இல்ல" என்று சொல்லி இறங்கிவிட்டார்.

உசிலம்பட்டிக் கடலை வியாபாரி ஒருவரிடம் அவர் கேட்டது இன்னும் விசித்திரம். "தெனமும் வண்டிய எந்தத் திசையப் பாத்து நிப்பாட்டுவீங்க?" வியாபாரி முழித்தார். கடலை உடைக்கிற மில்லைப் பார்த்துத்தான் நிறுத்துவாராம். காரின் மூக்குப் பக்கத்தைக் கழற்றினால், சூட்டை வெளியே தள்ள வேண்டிய ஜன்னல் முழுக்கக் கடலைத் தோல் அப்பியிருந்தது. "இந்த வருசம் மகசூல் நல்லாருக்கு போல" என்றார் பாய்.

இதையெல்லாம் கேட்டுச் சிரித்தவன்தான் நானும். என் முறை வரும்வரை.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கே.கே. நகர் ஆஸ்பத்திரியில், கத்திரி வெயிலில், எடை கொஞ்சம் குறைவாக. வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன டாக்டர், "பிள்ளைக்குச் சூடு ஆகக்கூடாது, பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்று எச்சரித்து அனுப்பினார். போக வேண்டியது உசிலம்பட்டிக்கு, என் மனைவி செல்வியின் அம்மா வீட்டுக்கு. என் கார் ஏசியோ அடுப்பு மாதிரி ஊதிக்கொண்டிருந்தது. மூன்று கடைகளில் காட்டியிருந்தேன். மூன்று பேரும் "கேஸ் கம்மி" என்று சொல்லி கேஸ் அடித்துவிட்டார்கள்.

"வாடகைக் கார் பிடிச்சிருவோம்" என்றேன்.

"அதெல்லாம் வேணாம். பிள்ள மொதமொத நம்ம கார்லதான் ஏறணும். ஏசி இல்லாமலும் ஏத்த மாட்டேன்" என்றாள் செல்வி. ஏன் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் காலை பத்து மணிக்குக் கிளம்ப வேண்டும். முதல் நாள் மத்தியானமே பாயின் தகரக் கூரைக்குக் கீழே போய் நின்றேன்.

"மூணு தடவ கேஸ் போட்டீகளா? பசிக்குதா இல்லையான்னு கேக்காமயே மூணு வேள சோறு ஊட்டிருக்காங்க" என்று ஆரம்பித்தார். ஆச்சரியமாக, அன்றைக்கு பானெட்டையே முதலில் திறந்தார். குழந்தை விஷயத்தையும், மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புவதையும் சொல்லியிருந்தேன். இன்ஜினை ஓடவிட்டு ஒரு குழாயைப் பிடித்துப் பார்த்தவர் என் கையையும் இழுத்து அதன்மேல் வைத்தார். ஐஸாக இருந்தது. வேர்த்துக்கூட இருந்தது.

"வண்டி நல்லாத்தான் குளுருது. ஒங்ககிட்ட வந்து சேரல, அம்புட்டுதேன். நடுவுல எவனோ வழி மறிக்கிறான்."

அப்புறம் இன்ஜினிலிருந்து உள்ளே போகிற வெந்நீர் ஹோஸை இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரித்தார். எண்ணெய் பாட்டிலைத் துவாரத்தில் சாய்த்தார். டீ வந்தது. நாங்கள் குடித்து முடிப்பதற்குள் எண்ணெய் ஓரத்தில் வெள்ளை கட்ட ஆரம்பித்தது. டேஷ்போர்டுக்குள் ஒரு சின்னக் கதவு உண்டாம். சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில் அது ஆடுமாம். அது பாதியில் சிக்கி நிற்பதால் சூடும் கலந்தே வருகிறது என்று விளக்கினார். ஹோஸை இப்படியே நெரித்து வைத்து ஓட்டிக்கொள்கிறேன் என்றேன்.

"கட்டய வச்சு ஓட்டுறதுக்கு மாட்டு வண்டியாண்ணே? என்ன சிக்கிருக்குன்னு தெரிய வேணாமா?" அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். எனக்கு மணி ஓடிக்கொண்டிருந்தது.

வழக்கம்போல சீட் விசாரணை தொடங்கியது. செல்வியின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "வீட்டம்மா இங்க உக்காந்து என்ன செய்வாங்க?"

"தூங்குவா."

உடனே கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி சாய்ந்துகொண்டார். உண்மையிலேயே தூங்கிவிட்டாரோ என்று நான் பயந்தபோது, கண்ணைத் திறந்து கையை முன்னால் நீட்டினார். முன்கண்ணாடி ஓரத்தில் காற்று வரும் நீளமான இடுக்கில் விரலைத் தடவி, வெளிச்சத்தில் பார்த்தார். வெள்ளையாகக் கொஞ்சம், சிவப்பாகக் கொஞ்சம்.

"வீட்டம்மா தூங்கலண்ணே" என்றார்.

டேஷ்போர்டைப் பிரித்துப் போட்டபோது என் காரைப் பார்க்க எனக்கே மனம் வரவில்லை. அந்தக் கதவு தெரிந்ததும் பாய் நிறுத்திவிட்டார். எழுந்து போய் சோப்புப் போட்டுக் கைகழுவி, பையிலிருந்து புதுத் துண்டு ஒன்றை எடுத்து சீட்டில் விரித்தார். பிறகுதான் ஒவ்வொன்றாக எடுத்தார். திருநீற்றுப் பொட்டலங்கள். குங்குமப் பொட்டலங்கள். நியூஸ் பேப்பரில் மடித்தது, வாழை இலையில் கட்டிக் காய்ந்து சருகானது. ஒன்றை மட்டும் முகர்ந்து பார்த்துச் சிரித்தார். "இது எங்க தெரு தர்காவுல ஓதிக் குடுக்கிற சீனியால்ல இருக்கு! அதான் எறும்பு குடித்தனம் நடத்திருக்கு."

செல்விக்கு ஃபோன் போட்டேன். கதவில் சிக்கியிருந்ததைச் சொன்னேன்.

"ஒவ்வொரு தடவ பிள்ள வேணும்னு வேண்டிக்கிட்டு வரும்போதும் ஒண்ண அந்த இடுக்குல சொருகி வச்சேங்க. ஒங்ககிட்டச் சொன்னா கிண்டல் பண்ணுவீங்க" என்றாள். உண்மைதான், பண்ணியிருப்பேன். ஒன்பது வருஷமாக அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கார் ஓட்டிய எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. "ஏங்க, எல்லாத்தையும் எடுத்துட்டா பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?" என்று கேட்டாள்.

பாய் ஃபோனை வாங்கிக்கொண்டார்.

"தாயி, குடுத்தவன் திருப்பிக் கேக்க மாட்டான். நான் ஒண்ணையும் கீழ விடல. அம்புட்டையும் டப்பாவுல போட்டு ஒங்க சீட்டு முன்னாடியே வைக்கிறேன். குளுரு போற வழிய மட்டும் விட்ருங்க."

சாயங்காலம் மஃரிப் தொழுகைக்கு முன்னால் வேலை முடிந்தது. மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் காரைக் கொண்டுவந்தால், அங்கே பாய் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருக்கிறார். "நேத்து நிக்கும்போதுதான் பாத்தேன். ஓடும்போது பாக்க வேணாமா?" என்றார். ஏறிக்கொள்ளச் சொன்னேன். "எடம் பத்தாது, பிள்ள நல்லாக் காத்து வாங்கட்டும்" என்று மறுத்துவிட்டார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உசிலம்பட்டி வரைக்கும் பின்னாலேயே வந்தார். கண்ணாடியில் நான் பார்க்கும்போதெல்லாம் அந்த வெயிலில் அவர் தெரிந்தார்.

வீட்டு வாசலில் பாய் ஸ்கூட்டரை விட்டு இறங்கி, முகமெல்லாம் கறுத்து, உதடு காய்ந்து, செல்வி பக்கத்துக் கதவைத் திறந்தார். துவாரத்தில் கை வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழந்தையின் பாதத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"கால் சில்லுனு இருக்குண்ணே. இம்புட்டுக் குளுரு பிள்ளைக்கு ஆகாது, கொஞ்சம் கொறைங்க" என்றார்.

அவர் வாயால் குளிரைக் குறைக்கச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அன்றிலிருந்து அந்த மனிதர் என்னை எவ்வளவு திட்டினாலும் எனக்கு இனிக்கத்தான் செய்கிறது.