கள்ளி நைனாவின் செடி

தான் தெப்பமாக நனைந்துகொண்டு ஒரு செடிக்குக் குடை பிடித்த மனிதர், ராயபுரம் முழுவதற்கும் கள்ளி நைனா ஒருவர்தான். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டினார். சுதந்திரம் வந்த புதிதில் கல்மண்டபத்தில் ஒரு மாடி அறையில் அவரும், தோல் கிடங்கில் வேலை பார்த்த காசிமும், குமாஸ்தாவாக இருந்த நானும் குடியிருந்தோம். நாலாவது ஆள், மண்ணெண்ணெய் டின்னில் நின்ற சதுரக்கள்ளி.

செஞ்சிப் பக்கம் ஏதோ பாறை இடுக்கிலிருந்து பெயர்த்து வந்தாராம். வெயில் காலத்தில் மொட்டை மாடியில் நிற்கும். ஐப்பசியில் வானம் இருண்டால் போதும், ஈரத்தில் வேர் அழுகிவிடும் என்று குடையும் கையுமாக ஓடி அதை அறைக்குள் கொண்டுவந்துவிடுவார். அதற்குத்தான் சுவரோர இடம். நாங்கள் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். புரண்டால் முள். கிழியாத வேட்டி என்று எனக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"இன்னா நைனா, ரோஜா கீஜா வளக்கக்கூடாதா?" என்று காசிம் ஒருநாள் கேட்டான்.

"ரோஜா தெனம் தண்ணி கேக்கும். இது ஒண்ணுமே கேக்காது. கூடவே நிக்குது பாரு, அது போதும்."

ஒரு வருஷம் அடைமழையில் கூரை ஒழுகுவதைப் பார்க்க வீட்டுக்காரர் வந்தார். கீழே மளிகைக்கடை வைத்திருந்த நெல்லைக்காரர், கனத்த சரீரம். அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் நகர்ந்தவர், நிதானமாகக் கள்ளியின் மேல் உட்கார்ந்தார். அந்த வாரம் முழுக்கக் கடையில் நின்றுகொண்டேதான் பொட்டலம் கட்டினார்.

"ஒண்ணு அதைத் தூக்கிக் கடல்ல போடும். இல்லன்னா நீரு வெளிய போவும்" என்றார்.

நைனா படுக்கையைச் சுருட்டிக் கயிறு கட்டினார். கைரிக்‌ஷாவில் செடியை ஏற்றி, அதற்குக் குடையை விரித்துவிட்டு, கூடவே மழையில் நடந்து தண்டையார்பேட்டைக்குப் போய்விட்டார்.

அறை விசாலமாகிவிட்டது. மல்லாந்து படுத்தோம். தூக்கம்தான் வரவில்லை.

"பேஜாராக் கீதுப்பா" என்றான் காசிம். விடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் போனான். "நைனா இல்லாத வூட்ல நாங்களும் இல்ல, மொதலாளி."

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "மாடி மூலையில நிக்கட்டும். மேல தகரத்தைப் போட்டுக்கிடுங்க. நான் அந்தப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை அழைத்துவரப் போனோம். தண்டையார்பேட்டை அறையில் நைனா சுவரில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"வர்றதுக்கு இவ்ளோ நாளாடா?" என்றார்.

பக்கத்தில் அவருடைய படுக்கை, கட்டிய கயிறு அவிழ்க்கப்படாமல் அப்படியே கிடந்தது.