ஒரு தேக்கரண்டி முடி

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் வீட்டார் அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் பெண் கொடுத்தவரிடம் பொய் எழுதக் கை வரவில்லை. தங்கள் தங்கை என்னோடு பேசி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. சாப்பாடு வருகிறது, காப்பி வருகிறது, பேச்சு மட்டும் வரவில்லை.

முதலிலிருந்து சொன்னால்தான் தங்களுக்குப் புரியும். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பிற்பகல் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, என் சட்டைக்குப் பொத்தான் வைக்க ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை முயன்றும் நுழையவில்லை. கண்ணாடியை மாற்று என்று சொல்ல வாயெடுத்தவன், அவள் விரல்கள் நடுங்குவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். மச்சான், நான் முப்பத்தொரு வருஷம் பேட்டரி ஆலையில் ஈயத் தகடு அடுக்கியவன். தினமும் சட்டையெல்லாம் சாம்பல் நிறப் பொடியோடு வீட்டுக்கு வருவேன், அதை அவள்தான் துவைப்பாள். அந்தப் பொடி உடம்பில் சேர்ந்தால் கை நடுங்கும், மறதி வரும் என்று ஆலைச் சுவரில் படம் போட்டே எழுதி வைத்திருந்தார்கள். அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் இத்தனை வருஷமும் தேநீர் குடித்தேன். என் சட்டையே அவள் உடம்பைக் கெடுத்துவிட்டதோ என்று பயம் பிடித்துக்கொண்டது. "டாக்டர்கிட்ட போவோமா?" என்றேன். "எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க பேசாம பேப்பரப் படிங்க" என்றாள்.

பேப்பரைப் படித்ததுதான் தப்பாகப் போயிற்று. முடியை அனுப்பினால் போதும், உடம்பில் எந்த உலோகம் ஏறியிருக்கிறது, எந்தத் தாது குறைந்திருக்கிறது என்று பட்டியலே போட்டுத் தருவோம் என்று ஓர் ஆய்வுக்கூடத்தின் விளம்பரம் அதில் இருந்தது. அவளுக்குத் தெரியாமலே காரியத்தை முடித்துவிடலாம் என்று மனக்கோட்டை கட்டினேன். அவர்கள் கேட்டதோ பிடரியில் தோலை ஒட்டி வெட்டிய முடி, ஒரு தேக்கரண்டி அளவு. சீப்பில் தேடினால் நாலே இழை. மத்தியானம் அவள் தூங்கும்போது கத்தரிக்கோலோடு குனிந்தேன், கண்ணைத் திறந்துவிட்டாள். "பூச்சி" என்றேன். "பூச்சியக் கத்தரிக்கோல்லயா பிடிப்பாங்க?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தாள். கடைசியில் அவள் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு துணிப்பை அகப்பட்டது. உதிர்ந்த முடியையெல்லாம் சேர்த்து, ஒரு முனையில் கறுப்பு நூல் கட்டி, நீளமாக அழகாக வைத்திருந்தாள். என்ன சிக்கனம் என்று மெச்சிக்கொண்டே நூல் கட்டிய பக்கமாக ஒரு கரண்டி வெட்டி, அவள் பெயரும் வயதும் எழுதி அனுப்பிவிட்டேன்.

பதினெட்டு நாளில் வண்ண வண்ணமாக ஆறு பக்க ரிப்போர்ட் வந்தது. ஈயம் சிவப்புக் கட்டத்தில் நின்றது. துத்தநாகம் குறைவு, செம்பு அதிகம். பாதரசமும் கூடுதலாம், அடிக்கடி கடல்மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி இருக்கும் என்று கீழே ஒரு குறிப்பு வேறு. மீன்கடை இருக்கும் தெருவையே தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறவள் தங்கள் தங்கை! என் முதுகுக்குப் பின்னால் மீன் சாப்பிடுகிறாளோ என்று இரண்டு நாள் சந்தேகப்பட்டேன், அதற்கும் சேர்த்து மன்னியுங்கள். அப்புறம் தலைகால் புரியாமல், ஈயமும் செம்பும் பாத்திரத்திலிருந்தும் ஏறியிருக்கலாம் என்று வீட்டிலிருந்த பழைய பாத்திரம் அத்தனையையும் மூட்டை கட்டிப் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன். கல்யாணத்துக்குத் தாங்கள் வாங்கித் தந்த பெரிய குண்டானும் அதோடு போயிற்று. பேச்சு நின்றது அன்றைக்குத்தான்.

ரிப்போர்ட்டைத் தெருமுனை டாக்டரிடம் காட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத வச்சு ஒரு முடிவும் பண்ண முடியாதுங்க. முடியில சாயம், ஷாம்பு, தூசின்னு என்னென்னமோ ஒட்டியிருக்கும். ஈயமான்னு தெரியணும்னா ரத்தத்துலதான் பாக்கணும்" என்றார். இதைச் சொல்லி அவளைக் கூப்பிட எனக்கு வாயில்லை. கூப்பிட்டால் ஏன் என்பாள். ஏன் என்று சொல்லப்போனால், உன் உடம்பைக் கெடுத்தவன் நான்தான் என்று சொல்ல வேண்டியிருக்கும். என்னை விடுங்கள், நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் எதற்கு, மச்சான்? ஆகவே தாங்கள் ஒரு நடை வந்து, அண்ணன் என்ற முறையில் நாலு அதட்டு அதட்டி, அவளை ரத்தம் கொடுக்க வைக்க வேண்டும். என் பெயரை மட்டும் இழுக்க வேண்டாம்.

பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசியையும் ஒன்று விடாமல் சேர்ப்பிக்கவும்.

இப்படிக்கு,
குற்றமுள்ள நெஞ்சோடு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: அண்ணா, இது நான். இவர் கையெழுத்து தபால்காரருக்குப் புரியாது, அதனால் உறையில் விலாசம் எழுதுவது எப்போதும் நான்தான். பழக்கதோஷத்தில் ஒட்டாமலே என் முன்னால் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். இவர் வெட்டி அனுப்பியது என் முடியே இல்லை, என் சவுரி! எலி கடித்துவிட்டது என்று நினைத்துப் பொறியெல்லாம் வைத்தேன். முப்பத்து நாலு வருஷமாக இவர் புகழ்கிற பின்னலில் பாதி யாரோ ஒரு புண்ணியவதியுடையது, மீன் சாப்பிட்டவள் அவளாகத்தான் இருக்கும். இவர் சட்டைகளை நான் கையுறை போட்டுத் தனி வாளியில்தான் துவைத்தேன், அதையும் இவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தமும் பார்த்துவிடுகிறேன், எனக்கு ஒன்றுமில்லை. கை நடுங்கியது தைராய்டு மாத்திரையின் அளவு கூடிப் போனதால். டாக்டரம்மா குறைத்துவிட்டார், நடுக்கமும் நின்றுவிட்டது. சொன்னால் இவர் சாப்பிடமாட்டார், தூங்கமாட்டார் என்று சொல்லவில்லை. ஒரு தடவைகூடப் பார்க்காதது இவர் ரத்தம்தான் அண்ணா. ஆலையில் ரத்தம் எடுக்க வரும் நாளிலெல்லாம் இவருக்கு வயிற்றுவலி வந்துவிடும், ஊசி என்றால் அவ்வளவு பயம். பத்து நாள் முன்பு கடை வாசலில், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் அரைமணி நேரம் நின்றிருக்கிறார். கடைக்காரர்தான் கொண்டுவந்து விட்டுப் போனார். எனக்குப் பாத்திரம் போன கோபமெல்லாம் இல்லை, வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்றுதான் பேசாமல் இருக்கிறேன். நீங்கள் கட்டாயம் வாருங்கள். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு இவர் பெயரில் நேரம் வாங்கியிருக்கிறேன். ரத்தம் எடுப்பது எனக்கு என்றே இவரிடம் சொல்லுங்கள், அப்போதுதான் ஓடி வருவார்.