சண்டைக்குக் கிற்றார் போட்ட மச்சான்

சினிமாச் சண்டைக்கு உலகத்திலேயே முதன்முதலாக றொக் இசை போட்டவர் என் ராத்தாவின், அதாவது என் அக்காவின், புருஷன்தான். இதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. அமெரிக்காக்காரன் வந்து "நாங்கள்தான் முதல்" என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அவனுக்குக் கல்முனைக்குடியைத் தெரியாது, பாவம். இப்போது என் மகன் வீடியோ கேம் விளையாடுகிறான். கார் பாய்கிறது, கிற்றார் அலறுகிறது, டிறம் இடிக்கிற இடியில் என் அலுமாரிக் கண்ணாடி நடுங்குகிறது. "உம்மா, இது புது ஸ்டைல்" என்கிறான். புது ஸ்டைலாம்! அவன் பிறப்பதற்கு முதலே எங்கள் வீட்டு முற்றத்தில் அந்த ஸ்டைலுக்குக் கோழி ஓடியிருக்கிறது.

ஊரில் அவருக்குக் "கிற்றார் காக்கா" என்று பெயர்; காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு கிற்றாரைத் தொட்டதில்லை. வாயால்தான் வாசிப்பார். "ட்றோ...ங்ங்" என்று தொடங்கினால் கழுத்து நரம்பு புடைக்கும், இடது கை காற்றைப் பிடிக்கும், வலது கை வயிற்றைச் சொறிகிற மாதிரி மேலும் கீழும் போகும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் காலையில் கிணற்றடியில் இந்தச் சத்தம் கேட்டு, உம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தா.

"என்ன புள்ள, மாப்புளைக்கு வயித்துக்க ஏதும் கோளாறா? கலியாணம் பேசக்குள்ள ஒருத்தரும் சொல்லல்லியே!"

மச்சானின் தொழில், கல்முனைத் தியேட்டர் ஒன்றில் படம் ஓட்டுவது. இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்றால், கல்யாணத்துக்கு முதலே பொத்துவில் பக்கம் அறுகம்பேக்குப் போன இடத்தில் பிடித்தது. அங்கே அலையில் பலகை ஓட்ட வரும் வெள்ளைக்காரன் ஒருவனுடைய மோட்டார் சைக்கிள் நடுறோட்டில் நின்றுவிட்டது. மச்சான் அதைக் கிண்டிக் கிளறி ஓடவைத்தார். அவன் நன்றிக்கு ஒரு கசற்றைக் கொடுத்தான். மேலே பெயரும் இல்லை, ஊரும் இல்லை. உள்ளே நாலைந்து பேர் தொண்டை கிழியக் கத்துகிறார்கள், கிற்றார் இழுக்கிறது, டிறம் அடிபடுகிறது. மச்சான் அதைக் கேட்டுவிட்டு ஒரு முழு நாள் யாருடனும் கதைக்கவில்லையாம். மறுநாள் வாயைத் திறந்தவர்தான், எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த பிறகும் மூடவேயில்லை.

"மச்சி, நம்மட படத்துல சண்டை வாற நேரம் என்ன மியூசிக் போடுறானுகள்? வயலின்! ஒருத்தன் ஒருத்தன்ட பல்லக் கழட்டுறான், பின்னால வயலின்! அநியாயம் இல்லியா இது? சண்டைக்கு இது வேணும்கா, இது!"

"எனக்கெதுக்குச் சொல்றீங்க? சண்டை போடுறவனுக்குப் போய்ச் சொல்லுங்க" என்றேன்.

போய்ச் சொன்னார். எங்கள் வீட்டுச் சேவலும் பக்கத்து வீட்டுச் சேவலும் கொத்திக்கொள்ளும் நேரம் பார்த்து, கசற் றேடியோவைக் கொண்டுபோய் முற்றத்தில் வைத்து முழுச் சத்தத்தில் விட்டார். "பாருங்க, இப்ப சேவலுக்கு வீரம் வரும்!" வீரம் வந்ததோ இல்லையோ, எங்கள் சேவல் வேலி பாய்ந்து போனது போனதுதான். அன்று மாலை பக்கத்து வீட்டில் கோழிக்கறி மணத்தது. உம்மா மருமகனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவேண்டியதையெல்லாம் என்னிடம் சொன்னா.

சேவலோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திராது. தியேட்டரில் படம் தொடங்குமுன் பாட்டுப் போடுவதற்கு, ஸ்பீக்கரோடு பொருத்திய கசற் பெட்டி ஒன்று மெஷின் அறையில் இருந்தது. மச்சான் என்ன செய்தார் தெரியுமா? சண்டைக் கட்டம் வந்ததும் படத்தின் சத்தத்தைக் குறைத்தார், வெள்ளைக்காரனின் கசற்றைத் தட்டினார். முன்வரிசைப் பொடியன்மார் விசிலடித்துக் கதிரையில் ஏறி ஆடினார்களாம். அதோடு நிறுத்தினாரா? சண்டை முடிந்து, கதாநாயகனின் தாய் கட்டிலில் கிடந்து உயிர் விடுகிறாள். இங்கே டிறம் இன்னும் அடிபடுகிறது! நிறுத்துகிற பொத்தான் இறுகிவிட்டதாம். தாய் கண்ணை மூடும்வரை கிற்றார் ஓயவில்லை.

சாகாமத்திலிருந்து அறுவடை முடித்து உழவு இயந்திரத்தில் கூட்டமாகப் படம் பார்க்க வந்த வயற்காரப் போடியார் ஒருவர், தியேட்டர் முதலாளியின் மேசைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"முதலாளி, அந்தத் தாய் சாகக்குள்ள மகனுக்கு என்னமோ ஒரு ரகசியம் சொன்னா. ஒரு சொல் விளங்கல்ல. அது என்னெண்டு தெரியாம நான் எப்பிடி ஊருக்குப் போற?"

முதலாளி நல்ல மனிதர். அழுகைப் படம் என்றால் அவருக்கு உயிர். தன் தியேட்டரில் தானே பின்வரிசையில் இருந்து லேஞ்சியால் மூக்கைச் சீந்துகிறவர். அவர் போடியாருக்கு அந்த ரகசியத்தை முழுதாக நடித்துக் காட்டி அனுப்பிவிட்டு, மாடிப்படி ஏறிப்போய் மச்சானிடம் சொன்னார்:

"இனி ஒருக்கா இந்தப் பேய்ச்சத்தம் என்ட தியேட்டர்ல கேட்டிச்செண்டா, சாவிய வெச்சிட்டு நீ வீட்ட போ."

அப்போது ராத்தா மூத்தவனை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். செய்தி கேட்டு அவள் பதறிய பதற்றம் எனக்குத்தான் தெரியும். மச்சானோ அசையவில்லை.

"ஒரு படம்கா. ஒரேயொரு படம். தொடக்கத்துல இருந்து முடிவு வரைக்கும் நான் மியூசிக் போடவேணும். மறுகா சாவியக் கேட்டா குடுத்திட்டு வருவன்."

"குடுத்திட்டு வந்து என்னத்தத் தின்னுற? கிற்றாரையா?" என்று ராத்தா வெடித்தாள்.

கசற்றைத் தூக்கி அரிசி டின்னுக்குள் புதைத்தாள். மச்சான் அலட்டிக்கொள்ளவே இல்லை. அதை முதலே கடைத்தெருவில் கொடுத்துப் பிரதி எடுத்து வைத்திருந்தார். வேகமான பாட்டு ஒரு கசற், மெதுவானது ஒரு கசற், கிற்றார் மட்டும் தனியாக இழுப்பது இன்னொன்று. ஓடுகிற படத்தை நாளும் பொழுதும் பார்க்கிறவர் அல்லவா? எந்த இடத்தில் எந்தப் பாட்டு என்று மனதுக்குள் தைத்து வைத்திருந்தார். சோறு தின்னும்போதும் அவர் உதடு அசையும். பிடிவாதம் என்றால் அது பிடிவாதம். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

பெருநாளைக்கு மறுநாள் பின்னேரம் எங்கள் ஊரில் பெண்கள் காட்சி வைப்பார்கள். வருசம் முழுக்கப் படம் என்ற சொல்லையே வீட்டுக்குள் விடாத வாப்பாமார், அன்றைக்கு மட்டும் ஒரு கண்ணை மூடிக்கொள்வார்கள். பாலமுனையிலிருந்துகூட வான் பிடித்து வருவார்கள். தியேட்டர் முழுக்கப் பெண்கள், பிள்ளைகள், வட்டிலப்பம், புதுப் புடவை வாசம். ராத்தா கீழே இருந்தாள். நான் மச்சானுக்குச் சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டு மாடிக்குப் போனேன்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சத்தம் செத்துவிட்டது. திரையில் கதாநாயகன் வாயை வாயை அசைக்கிறான், ஒரு சொல் இல்லை. படச்சுருளிலிருந்து சத்தத்தை எடுக்கிற சின்ன பல்ப் ஒன்று மெஷினுக்குள் உண்டு. அது எரிந்துபோனது. மாற்றுவதற்கு வேறு பல்ப் இல்லை. பெருநாள் நேரம் என்பதால் கடையும் திறக்கவில்லை. கீழே பெண்கள் கூச்சலிட, முதலாளி வியர்க்க விறுவிறுக்க ஏறி வந்தார்.

"பல்ப நீதானே கழட்டினாய்? உண்மையச் சொல்லு!"

மச்சானின் முகம் சுருங்கிப்போனது. "அல்லாஹ்வுக்காகச் சொல்றன் முதலாளி, நான் தொடல்ல. எனக்கு ஆசை இரிக்கிதான். அதுக்காகப் படத்த நான் கொல்லுவனா?"

முதலாளி குனிந்து எரிந்த பல்பைப் பார்த்தார். பிறகு படியில் இறங்கியபடி சொன்னார்: "உன்ட அந்தச் சனியனப் போடு. சனம் எழும்பிப் போச்செண்டா, நீயும் போ."

மச்சான் "பிஸ்மில்லாஹ்" சொல்லிக் கசற்றைத் தட்டினார்.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் விளையாடிவிட்டார். வில்லன் நடந்தால் டிறம், கதாநாயகன் திரும்பினால் கிற்றார். குதிரை வண்டி பாயும்போது அவர் போட்ட பாட்டில் எனக்கே உடம்பு சிலிர்த்தது. அழுகைக்குத் தனிக் கிற்றாரை இழுக்கவிட்டார். கீழே வசனத்தைப் பெண்களே கதைக்கத் தொடங்கினார்கள். "அடேய், அவள நம்பாதடா!" என்றாள் ஒருத்தி. "ஓம்கா, அவள்ட முழியப் பாரன்" என்றாள் இன்னொருத்தி. ஒருவரும் எழும்பவில்லை. ஒரு கையால் மெஷினையும் மறு கையால் கசற்றையும் பார்த்துக்கொண்டு, வியர்வையைத் துடைக்கவும் நேரமில்லாமல் நின்றார் மச்சான். அவரை அப்படி நான் முதல் பார்த்ததில்லை. எரிச்சலெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

கடைசிக் கட்டம் கல்யாணம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறான். சரியாக அந்த இடத்தில் பெட்டி கசற்றைத் தின்றுவிட்டது. "க்றீச்" என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றும் இல்லை. நாடா வெளியே குடல் மாதிரித் தொங்குகிறது. மச்சான் அதை விரலில் சுற்றி உள்ளே தள்ளப் பார்க்கிறார். கீழே கதிரைகள் அசைகிற சத்தம். யாரோ "என்னகா இது, காசத் திருப்பிக் கேளுங்க" என்கிறாள். வாசலில் முதலாளி நிற்பது, மெஷின் வெளிச்சம் போகிற சுவர் ஓட்டை வழியாகத் தெரிகிறது. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அப்போது இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரவை எழும்பியது. எங்கள் கல்யாண வீடுகளில் தாலி கட்டும் நேரம் பெண்கள் நாக்கைச் சுழற்றி இடுகிற அதே குரவை. ஒருத்தி போட்டால் மற்றவள் வாயை மூடிக்கொண்டு இருப்பாளா? அடுத்த வரிசையில் இரண்டு, பின்னால் நாலு, பிறகு தியேட்டர் முழுக்க. ஓட்டுக்கூரை கிழிகிற மாதிரிக் குரவை. மச்சான் நாடாவை விட்டுவிட்டு ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார். பிறகு அடுத்த கசற்றைப் பாய்ந்து எடுத்துப் போட்டு, வெறும் டிறம் வருகிற இடத்தைக் குரவைக்கு அடியில் மெதுவாக ஏற்றினார். அந்தக் குரவையும் அந்த டிறமும் சேர்ந்து வந்த சத்தத்தை எந்த இசையமைப்பாளனும் இன்றுவரை போடவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

முதல் குரவை போட்டது யார் என்று மட்டும் எனக்குத் தெரியும். என்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவளின் குரலை எனக்குத் தெரியாதா?

வெளியே முதலாளி மூக்கைச் சீந்திக்கொண்டு நின்றார். "சண்டைக்கும் கலியாணத்துக்கும் போடு. தாய் செத்தா மட்டும் தொடாத" என்றார். மச்சானின் சாவி மச்சானிடமே இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது மச்சான் கேட்டார்: "ஆருகா முதல்ல குரவ போட்டது?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் ராத்தா. "எவளோ ஒரு விசரி, பைத்தியம்."

"விசரிதான்" என்றார் மச்சான். சாப்பாட்டுப் பெட்டியை என்னிடமிருந்து வாங்கி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அவளுடைய கையைப் பிடித்தார். எல்லாரும் பார்க்க, கடைத்தெருவில்! எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

மச்சான் மௌத்தாகி, மண்ணுக்குள் போய் நாளாகிவிட்டது. ராத்தா இன்றுவரை அந்தக் குரவை தன்னுடையது என்று ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கல்யாண வீடுகளில் குரவை எழும்பும்போது அவளும் நானும் ஒரு நொடி காது கொடுப்போம், அடியில் டிறம் வருகிறதா என்று.