மச்சினனைக் கூப்பிட மாட்டேன்

கரண்ட் விஷயத்தில் இனி மச்சினனைக் கேட்பதில்லை என்று சபதம் எடுத்திருந்தேன். அவன் எலக்ட்ரீஷியன். வீட்டில் பல்பு கண் சிமிட்டினால்கூட என் மனைவி, "இருங்க, தம்பியைக் கேக்கறேன்" என்பாள். அப்போ நான் எதுக்கு? சுவரில் தொங்கும் காலண்டரா?

அதனால்தான், விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்து, முகாம் மைதானத்தில் நிறுத்தியிருந்த கேரவன் வண்டியில் ஏசி, மின் அடுப்பு, கெட்டில் மூன்றையும் நான் ஒன்றாகப் போட்டு, எல்லாம் பொசுக்கென்று நின்றபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

"தம்பியைக் கேக்கட்டுமா?"

"வேண்டவே வேண்டாம். நானே சரி பண்றேன்."

"உருளைக்கிழங்கு அரைவேக்காட்டுல நிக்குது. லீவுக்கு வந்தும் எனக்கு அடுப்படிதானா?"

"உன் தம்பியை நான் கூப்பிட்டா, ஊர் திரும்பற வரைக்கும் சமையல் என்னோடது. போதுமா?"

"போதும்" என்று வெளியே மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதே கிடையாது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

விளக்கு எரிந்தது. அடுப்பு எரியவில்லை. இதென்ன அநியாயம்! ஃப்யூஸ்களைப் பிடுங்கி மாட்டினேன். ஃப்ரிட்ஜின் முதுகைக் கழற்றி மாட்டினேன். கையில் ஒரு திருகாணி மிச்சம்.

"ஏதோ கீழ விழுந்த சத்தம் கேட்டுதே?"

"அது எக்ஸ்ட்ரா!"

பசி வயிற்றைக் கிள்ளியது. பாவம், அவளும் காலையிலிருந்து காபிகூடக் குடிக்கவில்லை. அதை நினைத்ததும் மனசு கேட்கவில்லை. குளிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பொதுக் குளியலறைக்குப் பின்னால் நின்று மச்சினனுக்குப் போன் போட்டேன்.

"மாமா, விளக்கு வண்டி பேட்டரியில எரியுது. மத்ததெல்லாம் வெளி கரண்ட். ஒயர் சொருகியிருக்கற கம்பத்துப் பெட்டியில சுவிட்ச் விழுந்திருக்கும். ஏசியை நிறுத்திட்டு அதை மேல தள்ளுங்க."

"அக்காகிட்ட மூச்சு விடாதப்பா."

"சேச்சே!"

தள்ளினேன். ஃப்ரிட்ஜ் உறுமியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

"பாத்தியா? எல்லாம் மூளை!"

அவள் பக்கத்து கேரவன்காரம்மா கொடுத்த காபியை ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். மெதுவாகக் கரண்டியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"எதுக்கு? நான் யாரையும் கூப்பிடலையே!"

"அந்த சுவிட்ச் சமாச்சாரத்தை, நீங்க ஃப்யூஸைப் பிடுங்கறப்பவே தம்பி எனக்குப் போன்ல சொல்லிட்டான். நீங்க எப்பக் கூப்பிடுவீங்கன்னுதான் ரெண்டு பேரும் காத்துக்கிட்டிருந்தோம்."

அவள் தன் போனையும் நீட்டினாள்.

"சமையல்ல சந்தேகம்னா தம்பியையே கேளுங்க. லைன்லதான் இருக்கான்."